மல்லேஸ்வரம் மாடி அறை: சம்பளம் நகராதவர்கள் 1,200 ரூபாய் கொடுத்துப் போகலாமா?

போகலாம். சம்பளம் கூட்டிக் கேட்க அங்கே ஒரு பெரியவர் சொல்லித் தருகிறார். ஆனால் ரெஸ்யூமே எழுதித் தருவார் என்று நம்பிப் போகாதீர்கள், அது அவருக்கு வராது.

முதலில் என் நிலைமை. பெங்களூர் பீன்யாவில் மெஷின் பார்ட்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் 2015 ஜனவரியிலிருந்து அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். 2019 ஏப்ரலில் என் மொத்தச் சம்பளம் 32,000. 2025 ஏப்ரலில் 34,500. நடுவில் இரண்டே முறை ஏறியது: 2022-இல் ஆயிரம், 2024-இல் ஆயிரத்து ஐந்நூறு. கொரோனா வருஷத்தில் ஏறாததைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் மார்ச் வந்தால் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். ஒரு வருஷம் ஆர்டர் இல்லை, ஒரு வருஷம் ஸ்டீல் விலை, ஒரு வருஷம் புது ஷெட் கட்டினார்கள்.

போன வருஷம் ஆன்லைனில் ஒரு ரெஸ்யூமே சேவைக்கு 4,999 ரூபாய் கட்டி ஏமாந்தேன். அழகான இரண்டு பக்கம் வந்தது. 'முடிவுகளை நோக்கி இயங்கும் துடிப்பான நிபுணர்' என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "யாரு இது?" என்றார். ஒரே ஒரு போன் வந்தது, அதுவும் இன்சூரன்ஸ் விற்க.

அப்புறம்தான் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருக்கார அக்கா ஒருவர் இந்த இடத்தைச் சொன்னார். மல்லேஸ்வரத்தில் பதினெட்டாவது கிராஸ் பக்கம், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. போர்டு கிடையாது. தொழிற்சாலைகளில் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருவர் சனிக்கிழமை மட்டும் ஆட்களைப் பார்க்கிறார். அல்சூர்க்காரர். தமிழ் பேசுவார், வாக்கியத்துக்கு ஒரு 'ஆய்த்தா' (கன்னடத்தில் 'ஆச்சா') வரும். ஒன்றரை மணி நேரத்துக்கு 1,200. பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

போவதற்கு முன் போனில் ஒரே ஒரு கட்டளை: "2019லிருந்து எல்லா ஏப்ரல் மாசத்து பே ஸ்லிப்பும் எடுத்துட்டு வாங்கம்மா. சர்டிபிகேட்டெல்லாம் வேண்டாம்."

ஏழு சீட்டுகளையும் மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாகப் பரப்பினார். மர ஸ்கேலை ஒவ்வொன்றின் மேலும் வைத்து 'பேசிக்' என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். ஏழிலும் 14,800. ஏறிய 2,500 ரூபாயும் ஸ்பெஷல் அலவன்ஸில் போய் உட்கார்ந்திருந்தது. பதினொரு வருஷமாக ஊர்க் கணக்கெல்லாம் பார்க்கிற எனக்கு என் சீட்டில் இது கண்ணில் படவில்லை. மாசக் கடைசியில் கைக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்.

பேசிக் ஏறாவிட்டால் என்ன நஷ்டம் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டினார். பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், 1,776. சட்டப்படியான உச்சவரம்பு 15,000 என்பதால் கம்பெனி அதையொட்டியே நின்றால், பேசிக் ஏறினாலும் 1,800 தான் ஆகும். "இருபத்துநாலு ரூபாய்க்கு சண்டை போடாதீங்க" என்றார். விஷயம் கிராஜுவிட்டியில், அதாவது வேலையை விடும்போது சர்வீஸுக்காகக் கம்பெனி தரும் பணத்தில் இருக்கிறது. கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும். 14,800-க்குப் பதினொரு வருஷத்துக்குச் சுமார் 94,000 வருகிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியக் கணக்கில் சேரும். அதாவது எனக்கு 17,250. அதற்குப் போட்டால் 1,09,000 சொச்சம். வித்தியாசம் பதினைந்தாயிரத்துக்கு மேல்.

அடுத்து விலைவாசி. 2019-20லிருந்து 2024-25 வரை அரசாங்கத்தின் சில்லறைப் பணவீக்கத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். 2022-23-இல் மட்டும் 6.7 சதவீதம். ஆறு வருஷமும் சேர்த்து 38 சதவீதம் வந்தது. 2019-இல் 32,000-க்கு வாழ்ந்த மாதிரி வாழ இப்போது 44,000 வேண்டும். என் 34,500, 2019 கணக்கில் வெறும் 25,000. கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. சம்பளம் அப்படியே நிற்கிறது என்றுதான் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

லேபர் ஆபீஸுக்குப் போகலாமா என்று கேட்டேன். இன்கிரிமென்டுக்காக பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவனுக்கு அலைய வேண்டாம் என்றார். குறைந்தபட்ச ஊதியம் தரவில்லை, சம்பளத்தைப் பிடித்து வைத்தார்கள் என்றால் போகலாம். பி.எஃப். கட்டவில்லை என்றால் அதற்கு பி.எஃப். ஆபீஸ். ஒப்பந்தத்திலோ ஆர்டரிலோ எழுதி இல்லாத இன்கிரிமென்டை வாங்கித் தர அங்கே ஆள் கிடையாது.

முதலாளியிடம் சம்பளம் கேட்பதை ஒத்திகை பார்க்கத் தனியாக 800. ஆசை காட்டிப் பிடுங்குகிறாரோ என்று தோன்றியது. ஆனால் கொடுத்த காசில் உருப்படியானது அந்த 800 தான். அவர் முதலாளி, நான் நான். நான் ஆரம்பித்தேன்: "சார், நந்தினி பால் லிட்டருக்கு நாலு ரூபாய் ஏறிடுச்சு, மெட்ரோ டிக்கெட் ஏறிடுச்சு, பையனுக்கு ஸ்கூல் பீஸ்..."

ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு. "எனக்கும்தாம்மா பால் விலை ஏறிச்சு. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க."

2019-இல் செய்யாத எந்த வேலையை இன்று செய்கிறேன் என்று கேட்டார். அன்று பேங்க் ரீகன்சிலியேஷன், டி.டி.எஸ்., அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் டர்னோவர் உள்ள கம்பெனிகளுக்கு இ-இன்வாய்ஸ் (அரசாங்கத் தளத்தில் பதிந்து எடுக்கும் பில்) கட்டாயமானபோது அது என் தலையில் விழுந்தது. ஜி.எஸ்.டி. பார்த்துக்கொண்டிருந்தவர் அடுத்த மாசமே விலகினார், அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. இரண்டு வருஷமாக 2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் ஜி.எஸ்.டி. பட்டியல்) ஒப்பிடுவது, சப்ளையரைத் துரத்திக் கிரெடிட் (வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியின் கழிவு) வாங்குவது எல்லாம் நான்தான். போன வருஷம் விட்டுப்போயிருந்த 3,80,000 ரூபாய் கிரெடிட்டை மீட்டிருக்கிறேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "போன ஆளோட சம்பளம் எங்கம்மா போச்சு?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. விலகிப் போனவருக்கு மாசம் 29,000.

பிறகு நான்கு தடவை ஒத்திகை. தொகையைச் சொல்ல வேண்டும், சொன்னதும் வாயை மூட வேண்டும். நான்கு தடவையும் என்னால் முடியவில்லை. 44,000 என்று சொல்லி மூச்சு விடுவதற்குள், "பாத்து செய்யுங்க சார்" என்று நாக்கு தானாகச் சேர்த்துவிடுகிறது. "அந்த மூணு வார்த்தைக்கு அஞ்சாயிரம் போச்சு, ஆய்த்தா?" என்றார். போகும் முன் வேறு இடத்தில் ஒரு இன்டர்வியூவாவது முடித்திருக்க வேண்டும், கையில் இல்லாத ஆஃபரைச் சொல்லி மிரட்டக் கூடாது, பேசி முடித்த அன்றே பேசியதை மெயிலில் எழுதி அனுப்ப வேண்டும், பணம் வராவிட்டால் பேசிக்கை மாற்றித் தரச் சொல்ல வேண்டும் என்றார். நான்கையும் செய்தேன்.

இனி குறைகள். பதினொன்றுக்கு வரச் சொல்லிவிட்டு ஐம்பது நிமிஷம் படிக்கட்டில் உட்கார வைத்தார். நடுவில் வருகிற எல்லா போனையும் எடுக்கிறார். ரொக்கம் மட்டும். கேட்டால் யு.பி.ஐ. வாங்கிய சின்னக் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த கதையை ஆரம்பிக்கிறார். ரசீது கிடையாது. அக்கவுன்ட்ஸ்காரிக்கு இது எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரெஸ்யூமே என்று அவர் எழுதிக் கொடுத்ததில் அப்பா பெயர், மதம், உயரம் எல்லாம் இருந்தது, கல்யாணத் தரகரிடம் கொடுக்கலாம். லிங்க்ட்இன் பக்கமே போனதில்லை. ஐ.டி.யில் இருப்பவர்கள் போக வேண்டாம், ஷேர், வேரியபிள் பே எல்லாம் அவருக்குத் தெரியாது. தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, ஸ்கூல், கடை மாதிரி இடத்தில் மாசச் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் அவர்.

ஜனவரி மூன்றாவது வாரம் முதலாளியிடம் பேசினேன். பாலைப் பற்றி மூச்சு விடவில்லை. 3,80,000-ஐச் சொன்னேன், ஆள் எடுக்காத இடத்தைச் சொன்னேன், 44,000 என்றேன். வாயை மூடினேன். சுவர்க் கடிகாரம் சத்தம் கேட்டது. மார்க்கெட் டல் என்றார், நான் பேசவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அங்கேதான் "சரி சார், பாத்து..." என்று பாதி வந்துவிட்டது.

ஏப்ரலிலிருந்து 39,000. பேசிக் 19,500. நெலமங்களா பக்கம் ஒரு கம்பெனியில் 42,500 சொல்லியிருக்கிறார்கள். மெட்ரோ மாதாவரத்தோடு முடிகிறது, அதற்கப்புறம் பஸ், அதனால் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவரிடம் போனில் சொன்னேன். ஏப்ரல் சீட்டு வந்ததும் கொண்டுவந்து காட்டச் சொன்னார், அதற்குக் காசு வேண்டாமாம். போகும்போது கையோடு அந்த 2,000-க்கு ரசீது கேட்கப்போகிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.