தனித்தலைவர், தேர்தல் மன்றம், மௌனச் சம்மதம்: திறந்த மூலச் சமூகத்துக்கு எந்தச் சட்டதிட்டம் பொருந்தும்?

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து எழுதும் ஒரு திறந்த மூல மென்பொருள் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வரை சட்டதிட்டம் யாருக்கும் நினைவுக்கு வராது. ஒருவர் மாற்றத்தை அனுப்புகிறார், இன்னொருவர் பார்த்துச் சேர்க்கிறார், வெளியீடு போய்விடுகிறது. மூத்த பங்களிப்பாளர்கள் இருவர் எதிரெதிராக நின்று, இருவருமே இறங்கி வராத நாளில்தான் "இதை யார் முடிவு செய்வது?" என்ற கேள்வி எழும். அந்தச் சூட்டிலேயே ஏதாவது ஒரு பெரிய திட்டத்தின் சாசனத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டிக்கொள்வார்கள்.

அப்படி எடுத்துக்கொள்ளப்படுபவை பெரும்பாலும் மூன்று வகை. தொடங்கியவரே கடைசி வார்த்தை சொல்லும் தனித்தலைவர் முறை. பைத்தான் நிரலாக்க மொழியும், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பும் கடைப்பிடிக்கும் தேர்தல் முறை. பல திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை பழக்கப்படுத்திய மௌனச் சம்மத முறை. இவற்றை ஒப்பிடுபவர்கள் முடிவெடுப்பவர் யார் என்பதையே அளவுகோலாக வைக்கிறார்கள். என் அளவுகோல் வேறு. முடிவெடுப்பவரை எப்படி இறக்குவது, அவர் தானாகவே போய்விட்டால் மறுநாள் யார் பொறுப்பு? இந்த இரண்டுக்கும் விடை இல்லாத சாசனம் எத்தனை பக்கம் இருந்தாலும் அரைகுறைதான்.

தனித்தலைவர்

வேகத்தில் இந்த முறையை மிஞ்ச ஆளில்லை. கூட்டம் வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம். வடிவமைப்பில் ஒரே கையின் சீர்மை இருக்கும். இதற்குச் சான்றாக எல்லோரும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைக் காட்டுவார்கள். 1991 முதல் லினஸ் டோர்வால்ட்ஸ்தானே நடத்துகிறார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு துணை அமைப்புக்கும் தனிப் பராமரிப்பாளர் உண்டு. பெரும்பாலான மாற்றங்கள் அவர்கள் சலித்தெடுத்த பிறகே லினஸிடம் போய்ச் சேர்கின்றன. 2018 செப்டம்பரில் அவர் சில வாரங்கள் விலகி நின்றபோது மூத்த பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மேன் பொறுப்பேற்று 4.19 பதிப்பை வெளியிட்டார். வேலை நிற்கவில்லை. அந்த அடுக்கு இல்லாத திட்டம் "நாங்களும் லினக்ஸ் மாதிரிதான்" என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

அதே 2018-ல் பைத்தானில் நடந்தது வேறு. நிரலில் ஒரு கணக்கீட்டுக் கோவைக்குள்ளேயே (expression) மாறிக்கு மதிப்பிட உதவும் := குறியைச் சேர்க்கலாமா என்பது பெப் 572-இன் கேள்வி (பெப் என்பது பைத்தானின் முறையான முன்மொழிவு ஆவணம்). பார்க்கச் சின்ன விஷயம். அதன் மேல் எழுந்த சச்சரவில் சலித்துப்போன, மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம், முன்மொழிவை ஏற்ற கையோடு ஜூலையில் தலைமையைத் துறந்தார். வாரிசை நியமிக்க மாட்டேன், எப்படி நடத்துவது என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கால் நூற்றாண்டைத் தாண்டிய மொழிக்கு, தலைவர் விலகினால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. புதிய ஆளுகை முறைக்கு ஏழு முன்மொழிவுகள் எழுந்து, விவாதித்து, வாக்கெடுத்து முடிக்க டிசம்பர் ஆயிற்று. பைத்தானுக்கு ஆள்பலம் இருந்ததால் தாக்குப்பிடித்தது.

ஆள்பலம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவி உதாரணம். ஒரே பராமரிப்பாளர், சோர்ந்திருந்தார். இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சில கணக்குகளிலிருந்து அவருக்கு அழுத்தம் வந்தது. பொறுமையாக நிரல் அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவருக்கு வெளியீட்டு உரிமை போனது. அவர் நுழைத்த பின்கதவை, அதாவது கள்ளத்தனமாக உள்ளே வர வைத்த வழியை, 2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் கண்டுபிடித்தார். உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமானதைத் துருவியதில் சிக்கியது அது. புதியவருக்கு வெளியீட்டு உரிமை கொடுக்க இருவரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி இருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. கேட்பதற்கு இரண்டாவது ஆளே இல்லாத அமைப்பில் அப்படியொரு விதியை எழுதக்கூட முடியாது என்பதுதான் தொல்லை.

தேர்தல் மன்றம்

பைத்தான் கடைசியில் தேர்ந்தெடுத்தது ஐவர் கொண்ட வழிகாட்டு மன்றம். பெப் 13 என்ற பெயரில் இருக்கும் அந்தச் சாசனத்தை முழுதாகப் படித்துப் பார்க்கலாம், சிறியதுதான். மன்றத்துக்கு ஏறக்குறைய எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அவற்றை முடிந்தவரை பயன்படுத்தாமல் இருக்கப் பாருங்கள் என்கிறது. ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்குப் பிறகும் தேர்தல். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இருவருக்கு மேல் மன்றத்தில் இருக்கக் கூடாது. மைய நிரலாளர் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால் ஒரு உறுப்பினரையோ மொத்த மன்றத்தையுமோ இறக்கலாம். என் இரண்டு கேள்விகளுக்கும் நேரடியாக விடை சொல்லும் சாசனம் இது.

டெபியன் இன்னும் ஆழமாகப் போகிறது. 1998-ல் ஏற்கப்பட்ட அதன் அரசியலமைப்பில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் திட்டத் தலைவர், தொழில்நுட்பக் குழு, எல்லோருக்கும் மேலாக உறுப்பினர்களின் பொதுத் தீர்மானம் என்று அடுக்கு அடுக்காக இருக்கிறது. தலைவரைத் திரும்ப அழைக்கவும் பொதுத் தீர்மானம் போதும். 2006-ல் அப்படி ஒரு முயற்சி நடந்து தோற்றது. இறக்கும் வழி ஏட்டில் மட்டும் இல்லை, பயன்படுத்திப் பார்த்தும் இருக்கிறார்கள்.

டெபியனிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் அதன் வாக்கெண்ணும் முறையை எடுப்பேன். ஒன்பது பேர் கொண்ட குழு தன் நிரல் களஞ்சியத்தை வேறொரு தளத்துக்கு மாற்றலாமா என்று வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். நால்வரின் முதல் விருப்பம் "மாறவே வேண்டாம்". மூவருக்கு "இப்போதே மாறுவோம்". இருவருக்கு "அடுத்த வெளியீட்டுக்குப் பிறகு மாறுவோம்". ஆளுக்கொரு வாக்கு என்றால் மாறவே வேண்டாம் என்ற கட்சி நான்கு வாக்கில் ஜெயித்துவிடும், ஐந்து பேர் அதை விரும்பாதபோதும். டெபியனில் விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதல் இரண்டு அணிகளுமே இரண்டாம் இடத்தில் "வெளியீட்டுக்குப் பிறகு" என்று எழுதினால், இரண்டிரண்டாக மோதவிடும்போது அது "வேண்டாம்" என்பதை 5-4 என்றும், "இப்போதே" என்பதை 6-3 என்றும் வெல்கிறது. முதல் விருப்பத்தில் கடைசியாக வந்த யோசனைதான் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்ளக் கூடிய யோசனை. தன்னார்வலர்கள் கூடும் இடத்தில் இது பெரிய விஷயம். தோற்ற அணி கோபித்துக்கொண்டு வெளியேறினால் வேலை செய்ய ஆள் இருக்காது. இதோடு "மேற்கண்ட எதுவும் வேண்டாம்" என்ற தெரிவும் சீட்டில் இருக்கும்.

ஆனால் டெபியனின் எந்திரம் கனமானது. 2014-ல், கணினி எழும்போது மற்ற சேவைகளைத் தொடங்கிவைக்கும் தொடக்க அமைப்புகளில் எதை இயல்பாக வைப்பது என்ற வழக்கு தொழில்நுட்பக் குழுவுக்குப் போய், நாலுக்கு நாலு என்று பிளந்து, அந்தக் குழுத் தலைவரின் முடிவு வாக்கால் சிஸ்டம்-டி என்ற தொடக்க அமைப்பு வென்றது. அதோடு முடியவில்லை. அந்த ஆண்டே பொதுத் தீர்மானம் வந்தது, ஒரு பகுதியினர் பிரிந்து டெவுவான் என்ற கிளையைத் தொடங்கினார்கள், 2019-ல் அதே விவகாரம் மறுபடியும் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் ஆயிரம் உறுப்பினர்கள் இருக்கும் திட்டத்துக்கு இதைத் தாங்கும் சக்தி உண்டு. பன்னிரண்டு பேர் கொண்ட குழு தனக்கென ஒரு தேர்தல் ஆணையரை நியமித்துக்கொண்டால், அவருக்கு நிரல் எழுத நேரம் மிஞ்சாது.

மௌனச் சம்மதம்

1999-ல் அமைந்த அப்பாச்சி அறக்கட்டளையின் வழக்கம் வேறு மாதிரி. ஒருவர் "இதைச் செய்யப் போகிறேன்" என்று அறிவிக்கிறார். யாரும் மறுக்காவிட்டால் அது சம்மதம். முறைப்படி வாக்கெடுப்பு என்றால் +1 (ஆதரவு), 0 (நடுநிலை), -1 (எதிர்ப்பு) என்று பதில் வரும். குறைந்தது 72 மணி நேரம் காத்திருப்பார்கள். அந்த மூன்று நாள் கணக்கு, வேறு வேறு நேர மண்டலங்களில் இருப்பவர்களுக்கும், வேலை முடிந்து ஓய்வில் மட்டும் நிரல் எழுதுபவர்களுக்கும் பார்க்க ஒரு வாய்ப்புத் தருவதற்காக.

இங்கே நுட்பமான ஒரு பிரிவினை இருக்கிறது. நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். நிரல் மாற்றத்துக்கு எதிராக விழும் ஒற்றை -1 வீட்டோ ஆகிவிடும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லாத வீட்டோ செல்லாது. வெளியீட்டை மட்டும் யாராலும் வீட்டோ செய்ய முடியாது. குறைந்தது மூன்று +1 வேண்டும், எதிர்ப்பைவிட ஆதரவு அதிகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிரலில் ஒருவரின் எச்சரிக்கைக்கு மதிப்பு உண்டு; பயனர்களுக்குப் போக வேண்டியதை ஒருவர் பிடித்து வைக்க முடியாது. இந்தப் பிரிவினை இல்லாமல் "எல்லாவற்றுக்கும் ஒருமித்த கருத்து" என்று எழுதிக்கொண்ட குழுக்களில் மிகவும் பிடிவாதமானவரே உண்மையான தலைவர் ஆகிவிடுகிறார். தேர்தலும் இல்லை, பதவிக் காலமும் இல்லை.

அன்றாட வேலைக்கு மூன்றிலும் சிறந்தது மௌனச் சம்மதம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறை என்னவென்றால், இது தன் காலில் தனியாக நிற்பதில்லை. அப்பாச்சியில் ஒவ்வொரு திட்டக் குழுவுக்கும் மேலே உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் ஒன்பது பேர் கொண்ட இயக்குநர் குழு இருக்கிறது. திட்டங்கள் அதனிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். கவனிக்க ஆளில்லாமல் போன திட்டங்களைக் கொண்டுபோய் வைக்கப் 'பரண்' என்றே ஓரிடம் உண்டு. சண்டை முற்றினால் பஞ்சாயத்துக்குப் போக ஓர் இடம் இருப்பதால்தான் கீழே மௌனம் வேலை செய்கிறது. அந்த மேல்தளத்தை விட்டுவிட்டு +1, -1 ஐ மட்டும் எடுத்துவந்தால், முதல் பெரிய முட்டுக்கட்டையிலேயே எல்லாம் நின்றுபோகும்.

எந்த முறையிலும் விட்டுப்போகும் இரண்டு

ஒன்று, ஒழுங்கு நடவடிக்கை. நன்னடத்தை விதியை எழுதுவது எளிது, ஆயத்தமாகவே கிடைக்கிறது. தலைமையில் இருப்பவர் மீதே புகார் வந்தால் பூனைக்கு யார் மணி கட்டுவது? 2021 நவம்பரில் ரஸ்ட் நிரலாக்க மொழியின் நன்னடத்தை விதியைக் கவனிக்கும் நெறியாள்கைக் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது இதற்காகத்தான்: மையக் குழு யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் தன்னை வைத்துக்கொண்டிருக்கிறது என்றது. அந்த ஓட்டையை அடைத்து, தலைமை மன்றம் என்ற புதிய அமைப்பு வர 2023 ஆயிற்று. தலைவர், மன்றம், மௌனம் எதுவானாலும், புகாரை விசாரிப்பவரும் முடிவெடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்ற வரி வேண்டும்.

இரண்டாவது, சொத்து. டொமைன் யார் பெயரில், வர்த்தகப் பெயர் யாரிடம், நன்கொடைக் கணக்கு யார் கையில்? 2010-ல் ஓப்பன் ஆபீஸ் பங்களிப்பாளர்கள் பலர் ஆரக்கிளிடமிருந்து பிரிந்தபோது நிரலை எடுத்துச் செல்ல முடிந்தது, உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. பெயர் மட்டும் அவர்களோடு வரவில்லை. லிப்ரே ஆபீஸ் என்று புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. டெபியனுக்காக 1997-ல் தொடங்கப்பட்ட தனி லாப நோக்கற்ற நிறுவனம் அதன் பணத்தையும் பெயரையும் வைத்திருப்பதால், ஆண்டுக்கொரு தலைவர் மாறினாலும் சாவி கைமாற வேண்டியதில்லை. சிறு குழு தனி நிறுவனம் தொடங்க வேண்டாம். கடவுச்சொல் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும், அவர்கள் யார் யார் என்பது எழுதியிருக்கட்டும்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

முனைப்பான பராமரிப்பாளர்கள் நான்கைந்து பேர்தான் என்றால் தேர்தல் வேண்டாம். மௌனச் சம்மதம், அதன் மேல் பெயர் குறிப்பிட்ட ஒரு கடைசி முடிவாளர், அவரை இறக்கும் விதி. பத்துக்கு மேல் போய், அவர்களில் பாதிப் பேருக்குச் சம்பளம் தருவது ஒரே நிறுவனம் என்ற நிலை வந்துவிட்டால், அன்றாடத்துக்கு மௌனச் சம்மதத்தை வைத்துக்கொண்டு கடைசி முடிவாளர் இடத்தில் பைத்தான் மாதிரி மன்றத்தை உட்கார வைப்பேன், மூவரோ ஐவரோ. நிறுவன வரம்பை அந்த நிறுவனம் பெருந்தன்மையாக நடந்துகொள்ளும் காலத்திலேயே எழுதிவிட வேண்டும், ஒரே நிறுவனத்தின் பிடியில் இருந்த நோட்.ஜேஎஸ் என்ற நிரல் தளத்தின் சமூகம் 2014-ல் ஐஓ.ஜேஎஸ் என்று பிரிந்து, மறு ஆண்டு மறுபடி ஒன்றுகூடிய பிறகே நடுநிலையான அமைப்பின் கீழ் வந்தது. முழு டெபியன் முறையை நூறு பேருக்குக் கீழே யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாசகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "முடிவுகள் ஒருமித்த கருத்தின்படி எடுக்கப்படும்" என்று ஒரு வரி பல சாசனங்களில் இருக்கிறது. எவ்வளவு நேரம், யாருடைய மறுப்பு, மறுப்பு வந்தால் அடுத்து என்ன என்று எதையும் அது சொல்லவில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அறிவித்த 72 மணி நேரத்துக்குள் பராமரிப்பாளர் எவரும் காரணத்துடன் மறுக்காவிட்டால் மாற்றம் ஏற்கப்பட்டதாகும். மறுப்பவர் எது மாறினால் ஏற்பார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏழு நாளில் உடன்பாடு வராவிட்டால் கடைசி முடிவாளர் எழுத்தில் காரணம் சொல்லி முடிவெடுப்பார். பராமரிப்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தால் கடைசி முடிவாளர் அன்றே விலகுவார். அவர் முப்பது நாள் தொடர்பில் இல்லாவிட்டாலும் பதவி காலியாகும். காலியானால் அதிக காலம் பராமரிப்பாளராக இருப்பவர் இடைக்காலப் பொறுப்பேற்று, பதினான்கு நாளுக்குள் வாக்கெடுப்பு நடத்துவார்."

சாசனத்தையே திருத்துவதற்கு டெபியன் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை கேட்கிறது, பைத்தான் மூன்றில் இரண்டு. புதிய குழு முதல் ஓராண்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே வைத்துக்கொள்ளலாம். எழுதியவற்றில் எது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பது இரண்டு வெளியீடு கடந்தால்தான் தெரியும். பதவி நீக்க விதிக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே மூன்றில் இரண்டு.