ஹெல்மெட்டோடு நெக் கார்டையும் வாங்குங்கள்

எங்கள் கிரிக்கெட் கிளப் பையன்களுக்காக வாங்கிய நெக் கார்டு பற்றி. காதுக்குக் கீழே தொடங்கி பிடரியின் இருபுறமும் இறங்கும் கெட்டி ஃபோம் இது. ஹெல்மெட்டின் பின் விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம்.

இதை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபில் ஹியூஸைத்தான் சொல்வேன். 2014 நவம்பர் 25, சிட்னி மைதானம். 63 ரன்னில் ஆடிக்கொண்டிருந்தவரின் கழுத்தில், ஹெல்மெட் மறைக்காத இடத்தில், எகிறி வந்த பந்து (பவுன்சர்) பட்டது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கிழிந்தது. இரண்டு நாளில் போய்விட்டார், 26 வயதுகூட நிறையவில்லை. உலகம் முழுக்க ஜனங்கள் அவருக்கு அஞ்சலியாக வீட்டு வாசலில் மட்டையைச் சாத்தி வைத்தார்கள். அவருடைய சொந்த ஊர் மேக்ஸ்வில் சின்ன ஊர்தான், இறுதிச் சடங்கு அவர் படித்த பள்ளியிலேயே நடந்தது. ஸ்கோர் கார்டிலும் அவரை 63 நாட் அவுட் என்றே மாற்றிப் பதிந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

சரி, பொருளுக்கு வருவோம். கனமே தெரியவில்லை. பந்தை எதிர்கொள்ள மட்டையோடு நின்று தலையைத் திருப்பும்போது தோளில் லேசாக உரசும், கொஞ்சம் ஆடினால் பழகிவிடும். நம் ஊர் வெயிலில் வியர்வை ஊறுகிறது, கழற்றிக் காயவைத்தே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2023 அக்டோபரிலிருந்து வேகப்பந்தை எதிர்கொள்ளும் முதல்தர ஆட்டக்காரர்களுக்கு இது கட்டாயம். இங்கே பள்ளிப் பையன்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

எல்லா ஹெல்மெட்டுக்கும் பொருந்தாது. கடைக்கு ஹெல்மெட்டையும் எடுத்துப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.