ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் ஜியோஜீப்ரா: சில ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் 2018இல் வரத் தொடங்கியபோது, கணக்குப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு பகுதி இடம்பெற்றது. அதிலுள்ள கியூஆர் குறியீட்டை வருடினால், வடிவங்களைத் திரையில் வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா மென்பொருளின் பணித்தாள் திறக்கும். மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் ஆஸ்திரியாவில் உருவாக்கத் தொடங்கிய இந்த மென்பொருளை அதன் பிறகு தொடர்ந்து வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். பணித்தாள்களை நானே தயாரிக்கவும் பழகிக்கொண்டேன்.

இதன் உண்மையான வலிமை, முக்கோணத்தின் உச்சியைப் பிடித்து இழுக்க முடிவதில்தான் இருக்கிறது. குறுங்கோண முக்கோணத்துக்குள் இருக்கும் செங்கோட்டு மையம் (உச்சிகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் புள்ளி), ஒரு கோணம் 90° ஆகும்போது அந்த உச்சியிலேயே வந்து அமர்வதையும், கோணம் மேலும் விரிந்தால் முக்கோணத்தை விட்டே வெளியேறுவதையும், கரும்பலகையில் மூன்று தனிப் படங்கள் வரைந்து இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் மூன்று குத்துக்கோடுகளையும் முன்கூட்டியே வரைந்து கொடுத்துவிட்டால், மாணவர் படம் அசைவதை ரசிப்பாரே தவிர, மையம் ஏன் வெளியேறியது என்று கேட்க மாட்டார். ஆகவே இப்போது வெறும் முக்கோணத்தை மட்டும் தருகிறேன். மையம் எங்கே அமையும் என்று நோட்டில் குறித்த பிறகே குத்துக்கோடுகளை வரையச் சொல்கிறேன். எதை மறைத்து வைப்பது என்று முடிவு செய்வதே பணித்தாள் தயாரிப்பில் மிகக் கடினமான வேலை.

கோணங்களின் கூடுதலைச் சரிபார்க்கும் பாடம் எதிர்பாராத இடத்துக்குப் போகும். திரையில் 62.34°, 58.34°, 59.33° என்று தெரிந்தால், கூட்டிப் பார்க்கும் மாணவருக்கு 180.01° வரும். தசம இடங்களை நீக்கி முழு எண்களாகக் காட்டினால் வேறுபாடு ஒரு பாகை வரைகூடப் போகலாம் என்பதால், அந்த 0.01ஐ அப்படியே விட்டுவைத்து, முழுதாக்கல் பற்றிய பேச்சாக மாற்றிக்கொள்கிறேன். (சில ஆண்டுகளில் அதுவே அன்றைய சிறந்த விவாதமாக அமைந்துவிடுகிறது.)

கைபேசியில் விரலே புள்ளியை மறைத்துவிடுவதால், சுட்டியை மனத்தில் வைத்துத் தயாரித்த பணித்தாள் அங்கே அப்படியே உதவாது. புள்ளிகளைப் பெரிதாக்கி, நழுவல்களை (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டைகளை) திரையின் அடியில் வைத்தால் ஓரளவு சரியாகிறது. வீட்டில் ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகளுக்காக, அந்த மென்பொருளிலேயே எடுத்த படங்களை அச்சிட்டுத் தருகிறேன். வடிவியலுக்கு வெளியே, குறிப்பாகப் புள்ளியியலுக்கு, நான் இதைத் திறப்பதே இல்லை. அங்கே வரைபடத்தாளும் பென்சிலும் போதும்.