பல் அடைப்புப் பசை: அமிலம் தடவிக் கழுவுவதா, கழுவாமல் பூசுவதா?

உடைந்த பல்லில் வைக்கும், பல் நிறத்திலான காம்போசிட் (பிசின்) அடைப்பு நிலைப்பது அடியில் பூசும் பசையால்தான். பழைய முறையில், சுமார் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவி, 15 விநாடி கழித்துக் கழுவிவிட்டுப் பசை பூசுவார்கள். பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலில் இதற்கு ஈடில்லை. 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் காட்டிய வழி இன்றும் நிற்கிறது. சிக்கல் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கில்தான். கழுவிய பின் காற்றடித்து அதிகமாக உலர்த்தினால் டென்டினில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் சரிந்து படிந்துவிடும், பசை உள்ளே இறங்காது, கடித்தால் கூசலாம். ஈரம் மிஞ்சினாலும் பிடிப்பு தளரும்.

இன்னொன்று, தானே அரிக்கும் பசை. அமிலத் தன்மை பசையிலேயே இருப்பதால் கழுவும் வேலையே இல்லை. 10-எம்டிபி என்ற வேதிப்பொருள் சேர்ந்த, அமிலம் மென்மையான வகை, பல்லின் கால்சியத்தோடு வேதிப் பிணைப்பும் கொள்கிறது. ஆனால் எனாமலில் பிடி குறைவு. நாளடைவில் ஓரத்தில் கறை படியும்.

ஆழமான குழிக்கு நான் இரண்டாவதையே தேர்வேன், எனாமல் விளிம்பில் மட்டும் அமிலம் தடவி. முன்பல் நுனி சிதைந்து எனாமலே மிகுதியாக இருந்தால் பழைய முறைதான். எதுவானாலும் எச்சில் பட்டால் கெடும். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் டேம் என்ற விரிப்பைப் போடுவார்களா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.