நெக்ஸ்கார்19: அண்ணனுக்கு எடுத்த கார்-டி சிகிச்சை பற்றி

அண்ணனுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். முதல் கீமோவில் அடங்கியது போலிருந்து திரும்பி வந்தது, இரண்டாவது மருந்துக்குக் கேட்கவே இல்லை. அப்புறம்தான் டாக்டர் நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை பற்றிச் சொன்னார். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் அவற்றுக்குள் புது மரபணுவைச் செலுத்தி, இந்தப் புற்றுச் செல்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதம் உள்ள செல்களைத் தேடி அழிக்கும்படி மாற்றி, பெருக்கி, அவர் உடம்பிலேயே திரும்ப ஏற்றுகிறார்கள்.

செல் எடுக்கும் நாளில் பல மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதைவிட, செல் தயாராகி வரும்வரை காத்திருந்த வாரங்கள்தான் கொடுமை. வந்ததும் மூன்று நாள் கீமோ, பிறகு உறைந்த பையை உருக்கி ஏற்றினார்கள். சின்னப் பை, அரை மணிக்குள் முடிந்தது. இதற்கா இத்தனை நாள் என்பது போல அண்ணி என்னைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் ராத்திரி காய்ச்சல் 103. ஏற்றிய செல்களால் வரும் அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் மருந்தை ஊசியில் போட்டார்கள், விடிவதற்குள் இறங்கியது. தினமும் நர்ஸ் ஒரு நோட்டை நீட்டி ஒரே வரியை எழுதச் சொல்வார். இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவாக மூளை பாதிக்கப்பட்டால் முதலில் கையெழுத்தில் தெரியுமாம். "இன்று காலை காபி குடித்தேன்" என்று அண்ணன் எழுதுவார். காய்ச்சல் அடித்த நாள் வரி மட்டும் சாய்ந்திருந்தது, ஓர் எழுத்துகூட விடவில்லை. அந்த நோட்டை நான் எத்தனை தடவை புரட்டினேனோ!

இது நம் நாட்டிலேயே உருவானது. ஐஐடி பம்பாயும் மும்பையின் டாடா மெமோரியல் புற்றுநோய் மையமும் சேர்ந்து செய்தது, 2021 ஜூன் 4-ல் முதல் நோயாளிக்கு ஏற்றினார்கள், மனிதர்களிடம் நடந்த சோதனைக்கு உயிரித்தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு உதவும் மத்திய அரசின் பிராக் அமைப்பு 19.15 கோடி ரூபாய் கொடுத்தது. அமெரிக்காவில் 2017-ல் வந்த கிம்ரியா என்ற கார்-டி சிகிச்சைக்கு 4,75,000 டாலர் விலை வைத்தார்கள். இங்கே மாற்றித் தரும் செல்களுக்கு மட்டும் 30 லட்சம் ரூபாய்க்கு மேல். சின்னத் தொகை இல்லைதான், வீட்டை அடமானம் வைத்தோம். ஆனால் அந்த 19 கோடி ஆராய்ச்சிக்குப் போகாமல் இருந்திருந்தால் எங்களுக்கு அடமானம் வைக்கவும் வழி இருந்திருக்காது.

குறை சிகிச்சையில் இல்லை, அதைச் சுற்றி இருப்பதில். மருத்துவமனை கொடுத்த எஸ்டிமேட்டில் செல்லின் விலை மட்டுமே இருந்தது. ஐசியு, பிளேட்லெட், ரத்தப் பரிசோதனை எல்லாம் தனியாக வந்து விழுந்தன. காப்பீட்டுக்காரர்கள் 'சோதனை நிலைச் சிகிச்சை' என்று திருப்பி அனுப்பினார்கள். 2023 அக்டோபரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்துவிட்டது! அதன் நகலோடு மூன்று கடிதம் போட்ட பிறகு பாதிப் பணம் வந்தது. ஆராய்ச்சிக்குக் கைகொடுத்த அரசு, படுக்கையில் இருப்பவனுக்கும் கொடுக்க வேண்டும்.

போகிறவர்கள் முழு எஸ்டிமேட்டையும் எழுத்தில் கேளுங்கள். பிளேட்லெட் கொடுக்க ஆட்களைத் தயாராக வையுங்கள். ஒரு மாதமாவது மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். சிடி19 உள்ள நல்ல பி-செல்களும் (நோயெதிர்ப்புப் புரதம் உருவாகக் காரணமான வெள்ளணுக்கள்) சேர்ந்து அழிவதால் பிறகு அந்தப் புரதமான இம்யூனோகுளோபுலினை ஏற்ற வேண்டி வரலாம், அதற்கும் பணம் ஒதுக்குங்கள். எல்லாருக்கும் பலன் தராது, வெளியான ஆய்வில் 73 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தது. இந்தச் சிகிச்சை பி-செல்லில் வரும் லிம்போமாவுக்கும் ரத்தப் புற்றுக்கும் மட்டும்தான், அதுவும் மற்ற மருந்து கேட்காதபோது. மார்பகப் புற்றுக்கு உண்டா என்று சித்தி கேட்டார், இல்லை என்று சொல்லும்போது தொண்டை அடைத்தது.

முதல் மாத ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரம் மூன்றாம் மாத ஸ்கேன்.