படகுத் தளத்தில் ஓராண்டு: இரட்டைக் கொக்கி ஹார்னஸ் பற்றிய மதிப்பீடு

நாகப்பட்டினம் பகுதியில் விசைப்படகு கட்டிப் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கடந்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பு, உயரத்தில் வேலை செய்பவர்களுக்காக ஆறு முழுவுடல் ஹார்னஸ்களை (விழுபவரைத் தாங்க உடம்பில் கட்டும் பட்டைக் கச்சை), இரட்டைக் கொக்கியும் அதிர்வு தாங்கியும் (விழும்போது விரிந்து அதிர்ச்சியைக் குறைக்கும் பகுதி) உள்ள 1.8 மீட்டர் கயிறுகளோடு சேர்த்து வாங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில் ஓடாவிகளும் (படகுத் தச்சர்கள்) வெல்டர்களும் பெயிண்டர்களும் ஒரே படகின் மேல் ஒன்றாக ஏறி நிற்பார்கள் என்பதால், இதைவிடக் கடுமையான சோதனைக்களம் இந்தப் பொருளுக்குக் கிடைத்திருக்காது.

முதலில் நிறைகளைச் சொல்கிறேன். தோள், மார்பு, தொடை ஆகிய மூன்று இடங்களிலும் பட்டைகள் சரியாகப் பொருந்துகின்றன. நாங்கள் முன்பு வைத்திருந்தது இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட். விழுகிறவரை அது நிறுத்தும்போது முழு விசையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். அமெரிக்காவின் கப்பல் தள விதிகள், விழுபவரைத் தாங்கும் கருவியாக அந்த வகை பெல்ட்டைப் பயன்படுத்துவதை 1998 ஜனவரி முதலே தடை செய்துவிட்டன. ஹார்னஸில் அந்த விசை தொடைகளுக்கும் இடுப்பெலும்புக்கும் பகிர்ந்து செல்கிறது. சாரத்தின் ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது ஒரு கொக்கியை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றலாம் என்பதால், எந்த நொடியிலும் ஆள் பிடிமானம் இல்லாமல் நிற்பதில்லை. இந்தப் பழக்கம் எங்கள் ஆட்களுக்கு வந்துசேர இரண்டு வாரங்கள் ஆயின; இப்போது சொல்லாமலே செய்கிறார்கள்.

ஆனால் இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டிய காரணம் வேறு. எங்கள் படகுகளின் மேல்தள விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த விளிம்பில் கொக்கியை மாட்டிய ஒருவர் தவறி விழுந்தால், கயிற்றின் நீளம் 1.8 மீட்டர், அதிர்வு தாங்கி முழுவதும் விரிந்தால் 1.75 மீட்டர் வரை, கயிறு மாட்டும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 1.5 மீட்டர் என்று கூட்டிப் பார்த்தால், அவர் நிற்கும் முன்பே 5 மீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. பாதுகாப்புக்காக இன்னும் 1 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது வழக்கம். அதாவது, கருவி வேலையை முடிப்பதற்குள் ஆள் தரையைத் தொட்டிருப்பார். உயரமான கட்டடத்தில் உயிர் காக்கும் அதே கயிறு, படகுத் தளத்தில் பெரும்பாலான இடங்களில் பாதுகாப்பு இருப்பதாக நம்பவைக்கிறதே தவிர, பாதுகாப்பைத் தருவதில்லை. விற்ற கடைக்காரர் எவ்வளவு உயரத்தில் வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு மாதம் கழித்தே கையேட்டைப் படித்துக் கணக்குப் போட்டேன். அந்த ஒரு மாதத்தை நினைக்கையில் இன்றும் மனம் பதைக்கிறது.

அதன்பின் கொக்கி மாட்டும் முறையை மாற்றினோம். படகின் மேல்தளத்தின் நடுவில் வேலை செய்பவருக்கு, விளிம்பை எட்டவே முடியாத அளவுக்குக் குட்டையான கயிறு கொடுத்தோம். விழ முடியாதவரைத் தாங்க வேண்டிய தேவையே எழுவதில்லை. விளிம்பில் நிற்பவருக்கு, கொட்டகையின் இரும்பு உத்தரத்தில் தொங்கும் தானியங்கிச் சுருள் கயிறு வாங்கினோம். இழுப்பு வேகமானவுடன் அது பூட்டிக்கொள்கிறது. 2 மீட்டருக்குள் ஆளை நிறுத்த வேண்டும் என்பது அதற்கான ஐரோப்பிய நெறி. சவுக்குக் கம்புச் சாரத்திலோ, இன்னும் முழுதாக ஆணி அடிக்காத பலகையிலோ கொக்கி மாட்டுவதை அறவே நிறுத்தினோம். இரும்பு உத்தரம் இல்லாத திறந்தவெளித் தளத்தினர் இந்த ஹார்னஸை வாங்குவதற்கு முன், எதில் மாட்டப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

உழைக்கும் தன்மையில் சில குறைகள் உண்டு. பட்டை பாலியெஸ்டர் இழையால் ஆனது. வெல்டிங் பொறி பட்ட இடங்களில் சிறு துளைகள் விழுந்து, இரண்டு ஹார்னஸ்களைக் கழித்துவிட்டோம். வெல்டர்களுக்கு வெப்பம் தாங்கும் அராமிட் இழைப் பட்டையே ஏற்றது, விலை கூடுதலானாலும். ஃபைபர் படகு வேலையில் ரெசின் சிந்தி உறைந்த பட்டை விறைத்துப் போகிறது. அதையும் நான் திரும்பப் பயன்படுத்த விடுவதில்லை. கடற்காற்றில் கொக்கியின் ஸ்பிரிங் இறுகுவதால், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துகிறோம்.

ஹார்னஸ் தொடவே முடியாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், இத்தளத்தில் சேர்வதற்கு முன்னால், வேறொரு தளத்தில் மூடியில்லாத ஐஸ் கிடங்குத் திறப்பில் ஓடாவி ஒருவர் பின்வாங்கி நடந்தபடி விழுந்ததைப் பார்த்தேன். அவருக்குத் தேவையாக இருந்தது கனமான பலகை மூடி ஒன்றும் சுற்றிலும் ஒரு தடுப்பும்தான். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 33-ஆம் பிரிவு, தரையில் உள்ள இத்தகைய திறப்புகளை மூட வேண்டும் அல்லது வேலியிட வேண்டும் என்றது. கையில் இருக்கும் பணம் குறைவென்றால், கிடங்கு மூடிக்கும் சாரத்தின் கைப்பிடிக் கம்பிக்கும் முதலில் செலவிடுங்கள்; ஹார்னஸ் அதற்கு அடுத்தது.

அடுத்த தடைக்காலத்துக்கு இதே ஹார்னஸில் இன்னும் நான்கு வாங்க இருக்கிறோம். 1.8 மீட்டர் கயிறு வேண்டாம் என்றும், சுருள் கயிறு இரண்டு தர வேண்டும் என்றும் இம்முறை எழுத்தில் கேட்டிருக்கிறேன். பழைய கயிறுகளில் மூன்றை, தரையிலிருந்து 7 மீட்டருக்கு மேலே வேலை நடக்கும் வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) கூரைக்கும் கம்பத்துக்கும் மட்டும் ஒதுக்கி, தனி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம்.