பழைய கிட்டார் வால்வு ஆம்ப் ரிப்பேருக்குக் குடுக்கப் போறீங்களா? என் 23,500 ரூபா கதைய படிச்சிட்டுப் போங்க

முதல்லயே சொல்லிடறேன், ஆள் பேரு, ஏரியா எதுவும் சொல்லப் போறதில்ல, இன்பாக்ஸ்ல வந்து கேக்காதீங்க. ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரங்க யாரும் இல்ல, அவங்க மேல பழி போட வேணாம். இவரு வீட்டு மாடில உக்காந்து வேலை பாக்கறவரு, "வால்வு ஆம்ப்னா சென்னைல என்ன விட்டா ஆளே இல்ல தம்பி"ன்னு அவரே சொல்லிக்குவாரு.

சித்தப்பா நியூ ஜெர்சில இருந்து வரும்போது எனக்காக ஒரு ஃபெண்டர் சாம்ப் தூக்கிட்டு வந்தாரு, ட்ரான்சிஸ்டருக்கு பதிலா கண்ணாடிக் குழாய் வால்வுல ஓடற கிட்டார் ஆம்ப்ளிஃபயர். கராஜ் சேல்ல வாங்கினது, 1973 மாடல். சின்னப் பெட்டிதான், 8 இன்ச் ஸ்பீக்கர் ஒண்ணு, உள்ள மொத்தமே மூணு வால்வு, கிட்டார் சிக்னல முதல்ல பெரிசாக்க (ப்ரீஆம்ப்) 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கர ஓட்ட 6வி6, ஏசிய டிசி ஆக்க 5ஒய்3 அவ்ளோதான், அஞ்சாறு வாட்ஸ் வந்தா பெரிசு. ஆனா வால்யூம முக்கால் திருப்பிட்டு ஒரு ஈ கார்டு அடிச்சா அந்த சவுண்டு வேற மாதிரி இருக்கும், கேட்டவங்களுக்குத் தெரியும். அமெரிக்கா சாமான்றதால 110 வோல்ட்டு, அதனால ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு ஓட்டிட்டு இருந்தேன்.

போன வருஷம் ஹம் ஆரம்பிச்சிச்சு. முதல்ல மெல்ல, அப்புறம் கிட்டாரே சொருகாம வெறுமனே ஆன் பண்ணாலே "ம்ம்ம்ம்"னு ஈபி ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல நிக்கற மாதிரி. பழைய ஆம்ப்ல இது எதிர்பாத்ததுதான், ஏசிய டிசி ஆக்கின பிறகு வர்ற அலைய தட்டையாக்கற ஃபில்டர் கப்பாசிட்டர் உள்ள காஞ்சு போயிடும், அதை மாத்தினா சரியாயிடும். அது எனக்கும் தெரியும். ஆனா உள்ள 350 வோல்ட் டிசி ஓடுது, ஆஃப் பண்ணி ப்ளக்க புடுங்கினாலும் கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், நம்ம கைய வச்சு சாவறதுக்கா, ஆளுகிட்ட குடுப்போம்னு குடுத்தேன். அங்கதான் மாட்டினேன்.

அட்வான்ஸ் 10,000. "ரெண்டு வாரம் தம்பி"ன்னாரு. நாலு மாசம் ஆச்சு. நடுவுல போன் பண்ணா ஒரு நாள் "பார்ட்ஸ் வெளிநாட்டுல இருந்து வரணும்", ஒரு நாள் "6வி6 செத்துப் போச்சு தம்பி", ஒரு நாள் மச்சினிச்சி கல்யாணம். கடைசியா வாட்ஸ்அப்ல ஒரு துண்டுச் சீட்டு போட்டோ அனுப்புனாரு: கப்பாசிட்டர் டப்பா (ஃபில்டர் கப்பாசிட்டர் எல்லாம் ஒண்ணா அடைச்ச டப்பா) புதுசு, வால்வு செட்டு புதுசு, பவர் கார்டு புதுசு, லேபர், மொத்தம் 23,500. ஜிஎஸ்டி பில் எங்கண்ணேன்னு கேட்டேன், சிரிச்சாரு. நானும் ஜிபேல போட்டுட்டு வண்டில வச்சு எடுத்துட்டு வந்துட்டேன், முட்டாள் மாதிரி.

வீட்ல போட்டுப் பாத்தா ஹம் குறைஞ்சிருந்துச்சு, அதனால சந்தேகம் வரல. ஆனா சவுண்டு ஏதோ மெலிஞ்சு போன மாதிரி, தகர டப்பாக்குள்ள கேக்கற மாதிரி. கேட்டதுக்கு "புது வால்வு தம்பி, பழகப் பழக சரியாயிடும்"னாரு. சரின்னு விட்டேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட வீட்ல ப்ராக்டிஸ், கிட்டார் கைல, பாடறதுக்கு மைக்ல வாய வச்சேன், உதட்டுல சுள்ளுன்னு ஒண்ணு அடிச்சுது பாருங்க, கண்ணுல பூச்சி பறந்துருச்சு. ரெண்டு மாசத்துல ஹம்மும் திரும்பி வந்துச்சு, முன்ன விட மோசமா.

அப்பதான் ஒரு பெரியவர்கிட்ட போனேன். சினிமா தியேட்டர்ல வால்வு ஆம்ப்ளிஃபயர் ஓடின காலத்துல இருந்து வேலை பாத்தவரு, இப்ப எழுபத்தஞ்சு வயசு இருக்கும். அவரு சோல்டரிங் அயர்ன தொடக்கூட இல்ல. முதல்ல மல்டிமீட்டர பீப் மோட்ல வச்சாரு, ஒரு ப்ரோப ப்ளக்கோட பெரிய பின்ல, இன்னொன்ன ஆம்ப் சேசிஸ்ல, அதாவது உள்ள இருக்கற உலோகச் சட்டத்துல. பீப்பே வரல. "எர்த்தே இல்லப்பா இதுல"ன்னாரு. திறந்து பாத்தா புது மூணு பின் கார்டுல பச்சை வயர சுருட்டி இன்சுலேஷன் டேப் சுத்தி ஓரமா சொருகி வச்சிருக்காரு அந்த மகராசன். எர்த் இல்லன்னா கசியற கரண்ட் சேசிஸ், கிட்டார் கம்பி, என் உதடு, மைக்குன்னுதான் போகும். அதோட விட்டாரா, 110 வோல்ட் ஆம்ப்புக்கு நம்ம ஊரு ப்ளக்க மாட்டி வச்சிருக்காரு, தெரியாம யாராச்சும் நேரா சுவத்துல சொருகினா 230 உள்ள போகும், அப்பவும் ஃப்யூஸ் காப்பாத்தாது, ஏன்னா 1 ஆம்பியர் இருக்க வேண்டிய எடத்துல 5 ஆம்பியர் போட்டிருக்காரு. வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கு. இத நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

அடுத்து 12ஏஎக்ஸ்7ஐ கழட்டிட்டு ஆன் பண்ணாரு. ஹம் அப்படியே இருந்துச்சு. ப்ரீஆம்ப் வால்வு இல்லாமயே ஹம் வருதுன்னா பவர் சப்ளைதான் காரணம்னு சொல்லி, ஆஃப் பண்ணி, ரெசிஸ்டர் வச்சு சார்ஜ இறக்கிட்டு பாத்தாரு. "டப்பா புதுசு"ன்னு பில் போட்டாரே, அந்தப் பழைய அலுமினிய டப்பா அப்படியே உக்காந்திருக்கு. அத கழட்டாம, வயரக் கூட பிரிக்காம, அது மேலயே சின்ன கப்பாசிட்டர்கள பேரலல்ல ஒட்டி விட்டிருக்காரு. கசியற பழசு சர்க்யூட்லயே இருக்கு, புதுசு ரெண்டு மாசம் முட்டுக் குடுத்துச்சு. அதுவும் 400 வோல்ட் ரேட்டிங். ஓடும்போது 350 கிட்டதான், ஆனா 5ஒய்3 சட்டுனு சூடாயிடும், 6வி6 சூடாகி கரண்ட் இழுக்க ஆரம்பிக்கற வரைக்கும் வோல்டேஜ் எகிறி நிக்கும், அதனாலதான் அங்க குறைஞ்சது 450 போடணும். ஒண்ணு தலை உப்பி இருந்துச்சு.

வால்வு கதை ரெண்டு விதம். 12ஏஎக்ஸ்7க்கு பதிலா பெங்களூர் பெல் கம்பெனியோட பழைய ஈசிசி83 போட்டிருந்தாரு, ரெண்டும் ஒண்ணுதான், நல்ல வால்வுதான், அதுல குறையில்ல, ஆனா புதுசுன்னு எப்படி சொல்லலாம், பெல் வால்வு நிறுத்தி எவ்ளோ காலமாச்சு. 6வி6க்கு பதிலா சோவியத் காலத்து 6பி6எஸ், மேல ரஷ்ய எழுத்து. என்னோட அமெரிக்க ஆர்சிஏ கம்பெனி 6வி6 போயே போச்சு. (வால்வு மேல இருக்கற பிரிண்ட் விரல்ல தேச்சா அழியுதே, டூப்ளிகேட்டான்னு நெறைய பேர் கேக்கறீங்க, அத வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரிஜினல் ஆர்சிஏ பிரிண்டும் அழியும்.)

ஸ்பீக்கர்தான் வலிச்சது. பெரியவர் வயர எடுத்துட்டு ஓம்ஸ் வச்சாரு, 6.1 காட்டுச்சு. "இது எட்டு ஓம் ஸ்பீக்கர்ப்பா, இந்தப் பெட்டிக்கு நாலுதானே"ன்னாரு. எனக்கு பக்குன்னுச்சு. சித்தப்பா பேக் பண்றதுக்கு முன்னாடி பின்பக்கம் எடுத்து அனுப்பின போட்டோவ போன்ல தேடி எடுத்தேன். அதுல ஸ்பீக்கர் ஃப்ரேம்ல 465ல ஆரம்பிக்கற நம்பர் தெளிவா தெரியுது, அது ஆக்ஸ்ஃபோர்ட் கம்பெனி குறி, அடுத்த நம்பர் வருஷமும் வாரமும். இப்ப உள்ள இருக்கறதுல நம்பரே இல்ல, ஏதோ ஸ்பீச் பாக்ஸ்ல இருந்து கழட்டின மாதிரி இருக்கு. ட்ரான்ஸ்ஃபார்மர் ரெண்டும் மட்டும் 606ன்ற கம்பெனி குறியோட ஒரிஜினலா இருக்கு. 110 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர இங்க யாரு வாங்குவா, அதான் விட்டு வச்சிருக்காரு.

நேரா போய் கேட்டேன். ஸ்பீக்கர் மாத்தவே இல்லன்னு சத்தியம் பண்ணாரு. சரி, கழட்டின பழைய பார்ட்ஸ குடுங்கண்ணேன்னேன். கொஞ்சமும் அசராம உள்ள போய் ஒரு ஜவுளிக்கடை கவர்ல கொண்டு வந்தாரு. "இந்தா தம்பி, உன் ஆம்ப்ல இருந்து கழட்டின கப்பாசிட்டர், எப்படி வெடிச்சிருக்கு பாரு." கைல எடுத்துப் பாத்தேன். கெல்ட்ரான். கேரளாவுல செஞ்ச கெல்ட்ரான் கப்பாசிட்டர், அமெரிக்கால 1973ல செஞ்ச ஆம்ப்புக்குள்ள இருந்ததாம். டப்பாவே கழட்டலியேண்ணே, அப்ப இது எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன், "சாமான் மாறிப் போச்சு போல"ன்னாரு. வெளிய வர்றதுக்குள்ள வாட்ஸ்அப்ல பிளாக்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போட்டு புகார் குடுத்திருக்கேன். பில் இல்ல, ஜிபே ரெக்கார்டும் அந்தத் துண்டுச் சீட்டு போட்டோவும்தான் கைல. குடுக்கறதுக்கு முன்னாடி அவரு எதிர்லயே எல்லா நம்பரையும் போட்டோ எடுத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது, கழட்டற சாமான் எல்லாம் எனக்கு வேணும்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல.

பெரியவர் டப்பாவ சர்க்யூட்ல இருந்து பிரிச்சு, 450 வோல்ட் கப்பாசிட்டரா போட்டு, எர்த்த போல்ட் வச்சு முறுக்கி, ஃப்யூஸ மாத்தி, ப்ளக்கையும் மாத்திக் குடுத்தாரு. லேபர் 1,500 கேட்டாரு. ஹம் இல்ல. ஆனா அந்த சவுண்டும் இல்ல.

அதனால ஒரு உதவி. யாராச்சும் பழைய 8 இன்ச் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்பீக்கர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினீங்கன்னா திருப்பி பின்பக்கம் பாருங்க. கோன்ல (ஸ்பீக்கரோட காகிதக் கூம்புல) ஒரு கிழிசல், அத எங்க சித்தி நெயில் பாலிஷ் வச்சு ஒட்டினாங்க, சுண்டுவிரல் நீளத்துக்கு செவப்பா ஒரு கோடு இருக்கும். இருந்தா சொல்லுங்க, என்ன விலைக்கு வாங்கினீங்களோ அதக் குடுத்து எடுத்துக்கறேன்.